சுறா எண்ணெய் பூசிய டயர்

ஜலாலுதீன் பாய்க்கு ஏழு படகுகளும் ஒரு காரும் இருந்தன. படகுகள் சம்பாதித்தன, கார் தின்றது. ஆனாலும் பழவேற்காட்டில் ஏழு படகுக்காரன் என்று யாரும் எழுந்து நிற்கவில்லை. காருக்கு நின்றார்கள். ஆகவே பாய் காரைத் துடைக்கச் சொல்லிக்கொண்டே இருந்தார். அவர் துடைத்ததில்லை.

துடைத்தவன் ஆதிகேசவன். உலகச் சண்டைக் காலத்தில் அஸ்ஸாமில் பட்டாளத்து லாரி ஓட்டியவன். ரப்பரை எப்படி வைத்துக்கொள்வது என்று அங்கே அவனுக்கு அடிக்காத குறையாகச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். தண்ணீர், கொஞ்சம் சவுக்காரம், தேங்காய் நார், காய்ந்த துணி, பிறகு நிழல். அவ்வளவுதான். எண்ணெய் பட்டால் ரப்பர் முதலில் மினுக்கும், பிறகு இளகும், பிறகு வெடிக்கும். அவன் கழுவிய டயர் மங்கலான கறுப்பாக இருக்கும். அந்த மங்கல் பாய்க்குப் பிடிக்கவில்லை.

"இன்னா கேசவா, டயரு சீக்காளி மூஞ்சி மாதிரி கீது?"

"ரப்பர் கலரே அதான் பாய்."

"சும்மா சொல்லாத. மெட்ராஸ்ல ஒரு வக்கீல் காரு பார்த்தேன். டயருல நம்ம மூஞ்சி தெரியுது."

"மூஞ்சி பார்க்கக் கண்ணாடி கீதே பாய், கம்மி வெலைல."

பாய் அதைக் கேலி என்று எடுத்துக்கொள்ளவில்லை. தன்னை ஒருவன் கேலி செய்வான் என்பது அவருக்குத் தோன்றாது. அந்த வகையில் கொடுத்துவைத்த மனிதர்.

ஆதிகேசவன் அதற்கு மேல் பேசாததற்குக் காரணம் இருந்தது. எண்ணூர்ப் பக்கம் புதிதாக வந்த ஒரு லாரிக் கம்பெனி டிரைவர்களை எடுத்துக்கொண்டிருந்தது. திங்கட்கிழமை காலை, ஏற்கெனவே வேலை பார்த்த இடத்திலிருந்து ஒரு கடிதத்தோடு போய் நிற்க வேண்டும். தமிழில் எழுதியிருந்தாலும் போதும். கடிதம் இல்லாதவன் கேட்டைத் தாண்ட முடியாது. நான்கு வருஷம் ஓட்டியதற்குக் கடிதம் தர வேண்டியவர் இந்தப் பாய்தான். கேட்டபோதெல்லாம் தலையை ஆட்டினார். தலை ஆடியது, கை ஆடவில்லை.

வெள்ளிக்கிழமை மத்தியானம் பாய் ஒரு தகர டின்னோடு கார் ஷெட்டுக்கு வந்தார். மூடியைத் திறக்குமுன்பே ஆதிகேசவனுக்குத் தெரிந்துவிட்டது. படகுக்குப் பூசுகிற சுறா எண்ணெய்.

"ஞாயித்துக்கெழம சம்பந்தி வர்றாரு. பெரியமேட்டுல தோல் மண்டி வெச்சிக்கினு கீறாரே, நூர் முகம்மது. நம்ம பையன் ஹனீபுக்குப் பொண்ணு குடுக்கறவரு. பொன்னேரி டேசன்ல போய் இட்டாரணும். இதுல வெளக்குக் கரிய கலக்கி நாலு டயருக்கும் பூசு. கதவு ரப்பரு, கண்ணாடி ரப்பரு எதையும் வுடாத. வெயில்ல காய வெச்சி ரெண்டாவது கோட்டிங்."

"பாய், எண்ணெய் ரப்பருக்கு ஆவாது. இளகிப்பூடும்."

"எங்க அத்தா காலத்துலேர்ந்து படகுக்கு இதான். உப்புத் தண்ணியே ஒண்ணும் பண்ணல. ரோடு இன்னா பண்ணிடும்?"

"படகு மரம் பாய். இது ரப்பர்."

"ரப்பர் மட்டும் எதுல வருது? மரத்துலேர்ந்துதானே வருது!"

கரையில் நாற்பது வருஷம் படகைப் பார்த்தவருக்கு உலகத்தில் எல்லாமே படகுதான். அவருடைய மனைவிக்குக்கூட வருஷத்துக்கு இரண்டு கோட்டிங் சொல்லியிருப்பார் என்று ஆதிகேசவன் நினைத்துக்கொண்டான்.

"ஞாயித்துக்கெழம சம்பந்திய நல்லபடியா இட்டாந்து வுடு. அன்னிக்கே ஒன் லெட்டரு."

ஆதிகேசவன் டின்னை வாங்கிக்கொண்டான். கரியைக் கலந்து பூசினான். சனிக்கிழமை மறுபடி பூசினான். டயர்கள் அப்போதுதான் கரையேறிய மீன்களைப் போல மினுமினுத்தன. பாய் சுற்றிச் சுற்றி வந்து பார்த்தார். ஒரு சக்கரத்தின் முன் குனிந்து தாடியைக்கூடச் சரிசெய்துகொண்டார்.

பொன்னேரிக்குப் போய்ச் சேருவதற்குள் அந்த மினுக்கெல்லாம் போயிற்று. பழவேற்காட்டுச் சாலையின் புழுதி மொத்தமும் எண்ணெயில் ஒட்டிக்கொண்டு, நான்கு டயரும் மாவில் புரட்டி வறுக்க வைத்த மீன் துண்டங்கள் ஆயின. நூர் முகம்மது வெள்ளைச் சட்டையும் வெள்ளை வேட்டியுமாக ரயிலிலிருந்து இறங்கினார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். காரில் ஏறியதும் ஒருமுறை மூக்கை உறிஞ்சினார். வெயிலுக்குக் காற்று வேண்டி முழங்கையை ஜன்னலில் வைத்தார். ஆதிகேசவன் வாயைத் திறந்தான், கடிதத்தை நினைத்தான், மூடிக்கொண்டான்.

பாயின் வீட்டு வாசலில் அவர் இறங்கியபோது இடது கை முழுக்கக் கறுப்பு. கதவை உரசிய வேட்டியில் ஒரு முழத்துக்குக் கறுப்புப் பட்டை. பூமாலையோடு வந்த பாய் மாலையைப் போடுவதா மூக்கைப் பொத்துவதா என்று தெரியாமல் நின்றார்.

"இது இன்னா சம்பந்தி, கதவுல?" என்றார் நூர் முகம்மது.

பாய் திரும்பி ஆதிகேசவனைப் பார்த்தார். "டேய், இன்னா வேல பண்ணி வெச்சிக்கீற? எவன்டா ஒன்ன எண்ணெய் பூசச் சொன்னது?"

வாயில் கோபம் இருந்தது, கண்ணில் கெஞ்சல் இருந்தது. அவர் கை ஜிப்பாப் பையைத் தொட்டுக் காட்டியது. பேனா அங்கேதான் இருந்தது.

"தெரியாம பண்ட்டேன் பாய்," என்றான் ஆதிகேசவன்.

பொய் இவ்வளவு சுலபமாக வரும் என்று அவனே எதிர்பார்க்கவில்லை.

சாப்பாடு முடிந்ததும் பாய் அவனைக் கூப்பிட்டார். சம்பந்தி பார்க்கும்படி உட்கார்ந்து, தாளை எடுத்து, தாராள மனசுக்காரரின் முகத்தோடு எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். ஆதிகேசவன் ஷெட்டுக்குப் போய்ப் படித்தான். நான்கு வருஷம் வேலை பார்த்தான். நேர்மையானவன். குடிப்பதில்லை. கடைசி வரி: டயருக்கு மீன் எண்ணெய் பூசும் அளவுக்கு வண்டிப் பராமரிப்புத் தெரியாதவன், எனினும் மன்னித்திருக்கிறேன்.

அவன் திரும்பிப் போய்ப் பாயை வராந்தாவுக்குக் கூப்பிட்டான்.

"கடைசி வரி இன்னா பாய் இது?"

"மெதுவாப் பேசு. சம்பந்தி பக்கத்துல குந்திக்கினு கீறாரு, வேற எப்டி எழுதறது? அவரு நம்ப வேணாம்?"

"வேற ஒண்ணு எழுதுங்க. இத்தக் காட்டினா எவன் லாரி குடுப்பான்?"

"குடுக்காட்டி போறான். இங்கியே இரு. நான் இன்னா தொரத்தவா போறேன்?"

சாயங்காலம் நூர் முகம்மதுவை ஸ்டேஷனுக்குக் கொண்டுபோகும்போது ஆதிகேசவனால் பொறுக்க முடியவில்லை.

"ஐயா, எண்ணெய் பூசச் சொன்னது பாய்தான். நான் வாணாம்னேன்."

"தெரியும்," என்றார் அவர். இந்த முறை கையை மடியிலேயே வைத்திருந்தார். "தோலுக்கு மீன் எண்ணெய் போடறவன்பா நானு. ஒரு டிரைவரு சொந்தக் காசுல டின்னு டின்னா சுறா எண்ணெய் வாங்குவானா?"

"அப்போ ஒரு வார்த்த கேட்டிருக்கலாமே ஐயா."

"பொண்ணு குடுக்கற ஊட்டுல நான் சண்ட போடணுமா?"

"நீங்களாச்சும் ரெண்டு வரி எழுதிக் குடுங்க. நாளைக்குக் காலைல கம்பெனில காட்டணும்."

"இன்னான்னு எழுத? கேட்டதுக்கு நீயே ஒன் வாயால ஆமான்னியே. நெசம் தெரிஞ்சும் பொய் சொன்னான்னு எழுதட்டுமா?"

ஆதிகேசவன் கியரை மாற்றினான். அவர் சொன்னதில் தப்பு கண்டுபிடிக்கப் பொன்னேரிவரை முயன்றான். கிடைக்கவில்லை.

திங்கட்கிழமை காலை எண்ணூரில் கேட் திறந்திருக்கும் நேரத்தில் அவன் ஷெட்டில் உட்கார்ந்து நாரும் சவுக்காரமும் போட்டுக் கதவு ரப்பரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். ரப்பர் விரலோடு ஒட்டிக்கொண்டு பிசின்போல வந்தது. பாய் பல் குச்சியோடு வந்து நின்றார். நிக்காஹ் தேதி குறித்த சந்தோஷம் முகத்தில் வழிந்தது.

"நல்லாத் தேய். அப்பதான் அடுத்த கோட்டிங் புடிக்கும். நானும் யோசிச்சிப் பார்த்தேன் கேசவா. எண்ணெயில தப்பில்ல, வாசனதான் தப்பு. கல்யாணத்துக்குப் பூசறப்போ அதுல கொஞ்சம் அத்தர் கலந்துடு."

ஆதிகேசவன் நாரைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்தான்.

"எத்தினி சொட்டு பாய்?" என்றான்.