நனைந்துபோன கலவை

ஏவுகணைக்கான திட எரிபொருளைக் கலக்கும் கூடத்துக்கு அவள்தான் பொறுப்பு. என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் யாராவது கேட்டால், "மாவாட்டுறேன்" என்பாள். சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றிவிடுவார்கள். அது முழுப் பொய்யும் இல்லை. இரும்பு அண்டாவில் சாம்பல் நிறத்தில் கெட்டிக் கூழ், அதற்குள் சுழலும் இரண்டு பெரிய தகடுகள். ஆனால் இந்த மாவு கோபித்துக்கொண்டால் கூடமே மிஞ்சாது. அதனால் கலக்கும்போது உள்ளே ஈ காக்கை இருக்காது. மண்மேட்டுக்கு இந்தப் பக்கம், கட்டுப்பாட்டு அறையில் உட்கார்ந்து திரையைப் பார்த்தபடியே ஓட்டுவார்கள். சூடு மீறினால் அண்டாவுக்குள் தண்ணீரைக் கொட்ட மேசையில் ஒரு பொத்தான் உண்டு.

அன்றைய கலவை லேசுப்பட்டதல்ல. சரக்கு தந்துகொண்டிருந்த வெளிநாடு திடீரென்று கையை விரித்துவிட்டது. அதன்பின் ஒவ்வொரு பொடியையும் உள்நாட்டிலேயே தயாரித்துச் சேர்த்த முதல் கலவை அது. அடுத்த மாதம் சோதனை. மந்திரியே வருவதாகப் பேச்சு.

வேலை முக்கால்வாசி முடிந்திருந்தபோது மூன்று வெப்பமானிகளில் ஒன்று மட்டும் ஏறத் தொடங்கியது.

"மேடம், மூணாவது ஏறுது," என்றான் பக்கத்திலிருந்த உதவிப் பொறியாளன். கண்ணாடியின் கனத்தால் அவன் எல்லோருக்கும் சோடாபுட்டி.

அவள் தகடுகளின் வேகத்தைக் குறைத்தாள். ஏற்றம் நிற்கவில்லை. இயக்குநருக்குப் போன் போட்டாள்.

"மத்த ரெண்டும் என்ன காட்டுது?"

"சாதாரணமாத்தான் இருக்கு சார்."

"அப்ப மானியிலதாம்மா கோளாறு. தண்ணியத் திறந்தா மொத்தமும் குப்பைக்குத்தான் போகணும், தெரியுமில்ல? கொஞ்சம் பாருங்க."

தகடுகளை முழுவதுமாக நிறுத்தினாள். அப்போதும் எண் ஏறியது. உரசல் நின்ற பிறகும் சூடு ஏறினால், கலவை தானாகவே கனல்கிறது என்று அர்த்தம். அல்லது மானி உளறுகிறது. அடுத்த கொட்டகையில் பொடி சலிக்கும் பெண்கள் இருந்தார்கள். அது பாதுகாப்பான தூரம் என்று காகிதத்தில் இருந்தது.

"சங்கை ஊது. எல்லாரையும் வெளிய போகச் சொல்லு," என்றாள்.

"மேடம், சார் லைன்லயே இருக்காரு..."

அவள் பொத்தானை அழுத்தினாள். திரையில் அண்டாவுக்குள் தண்ணீர் கொட்டியது. கூழ் நுரைத்து, கலங்கி, ஒன்றுக்கும் உதவாமல் போயிற்று.

அன்று ராத்திரி வீட்டில் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தாள். கணவனுக்கு அவள் வேலையின் விவரம் எதுவும் தெரியாது, கேட்கவும் கூடாது.

"ஏதாவது தப்பாயிடுச்சா?"

"தெரியலைங்க. அதுதான் பிரச்சினை."

"யாருக்காவது அடி கிடி?"

"இல்ல."

"அப்புறம் என்ன? சாப்பிடு."

அவளுக்கு அழுகை முட்டியது. தான் செய்தது சரி என்று ஆகவேண்டுமானால், அந்தக் கூடம் வெடிக்க இருந்தது என்று ஆகவேண்டும். அதையா வேண்டிக்கொள்வது?

விசாரணை முடிந்த அன்று இயக்குநர் கூப்பிட்டனுப்பினார். "மானியோட ஒயர்ல ஈரம் எறங்கியிருக்கு. கலவை நல்லாத்தான் இருந்திருக்கு."

அவளுக்கு முகம் எரிந்தது. "இனிமே அந்த நாற்காலியில வேற யாரையாவது உக்கார வைங்க சார்."

அவர் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தார். "பாருங்கன்னு சொன்னவன் நான். சூடு நெஜமா இருந்து, என் பேச்சைக் கேட்டு நீங்களும் பேசாம உக்காந்திருந்தா..." விசாரணை அறிக்கையை மூடி ஓரமாக வைத்தார். "சோதனை தள்ளிப்போச்சு. மேலிடத்துல வாங்கிக் கட்டிக்கிறது என் பாடு. அடுத்த கலவைக்கு நீங்களே உக்காருங்க. பொத்தானைத் தொட என்னைக் கேக்க வேண்டாம்."

அது ஆறுதலா, தண்டனையா என்று அவளுக்குப் பிடிபடவில்லை. ஒருமுறை ஏமாந்த கை, நிஜமாகவே ஏறும்போது தயங்கிவிட்டால்? அந்தப் பயம் குளிக்கும்போதும் பஸ்ஸிலும் கூடவே வந்தது.

அடுத்த கலவை நாளில் அவள் தண்ணீர்கூடக் குடிக்கவில்லை. எண்கள் லேசாக ஏறின, இறங்கின. ஒவ்வொரு ஏற்றத்துக்கும் விரல் பொத்தான் பக்கம் போய் வந்தது. கடைசியில் கூழ் வழவழவென்று அச்சுக்குள் இறங்கி முடிந்தது. சோடாபுட்டி ஓவென்று கத்தி, மேசையைத் தட்டினான். இயக்குநர் போனில், "பிரமாதம்மா!" என்றார்.

"மேடம், திரையை அணைச்சுடவா?"

"கொஞ்சம் இருக்கட்டும்," என்றாள். காலி அண்டாவின் சூட்டைக் காட்டும் எண்களிலிருந்து அவளால் இன்னும் கண்ணை எடுக்க முடியவில்லை.