சபையின் பிடி அரிசி

வாழப்பாடிக்குத் தெற்கே இருந்த அந்தச் சிறு கிறிஸ்தவ சபையில், உலை வைக்குமுன் ஒவ்வொரு வீட்டுப் பெண்ணும் ஒரு பிடி அரிசியை ஆண்டவருக்கென்று எடுத்து வைப்பாள். ஞாயிறன்று அது கோயில் அறையிலிருந்த குதிரில் சேரும். விதவைக்கும் நோயாளிக்கும் உரியது அது. வேண்டியவர் ஆராதனை முடிந்ததும் எல்லார் முன்னும் எழுந்து நின்று கேட்க வேண்டும். அறையின் சாவி, தகப்பன் காலத்திலிருந்து மூப்பர் தீத்துவின் வீட்டில். அந்த வீட்டார் அளந்து கொடுத்தவர்கள். எழுந்து நின்றவர்கள் அல்ல.

யுத்தம் நடந்த வருஷம். அவர் மனைவி பழனியம்மாளுக்கு ஒன்பது நாளாக மலைக்காய்ச்சல். ஆஸ்பத்திரியில் அதற்கான கொய்னா மாத்திரை தீர்ந்துபோயிருந்தது. சேலத்தில் ஒருவன் ஒளித்து விற்றான். நாற்பது ரூபாய் கேட்டான். தீத்துவிடம் நாலு ரூபாய்கூட இல்லை.

வியாழக்கிழமை அரிசி வியாபாரி சென்னியப்பன் வண்டியோடு வந்து நின்றான்.

"ஊரே அரிசிக்கு அலையுது. உங்க குதிர்ல சும்மா தூங்குதாமே, மூப்பரே?"

"அது ஆண்டவருது."

"அவருக்குப் பசிக்குதாக்கும்? நாப்பது ரூவா தாரனுங்க. ஊட்டுக்காரம்மா பொழைக்கட்டும்."

துரத்தத்தான் வாயெடுத்தார். உள்ளே அவள் நடுங்கிய நடுக்கத்தில் கட்டில் சுவரில் இடித்துக்கொண்டே இருந்தது. சாவியை எடுத்தார்.

சனிக்கிழமை மாத்திரையோடு திரும்பினார். பழனியம்மாள் வாங்கவில்லை.

"ஏதுங்க பணம்?"

பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனிதர். சொன்னார்.

"எந்திரிச்சுக் கேட்டிருந்தா அந்த அரிசியவே மனசாரக் குடுத்திருப்பாங்களே. நமக்கும் உரியதுதானுங்க அது."

"எங்கப்பன் பேரு என்னாகறது?"

"உங்கப்பன் பேர முழுங்கினா காச்சல் உட்ருமா? சபையில சொல்லிட்டு வாங்க. அதுக்கப்புறம் திங்கறேன்."

கெஞ்சினார், அதட்டினார். அவள் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் உபதேசியார் ஆராதனையை முடித்ததும் தீத்து எழுந்து நின்றார்.

"மூப்பரண்ணன் கேக்கறாரு. பழனியக்காளுக்குத்தான். பாவம், நாலு படியாச்சும் அளந்து குடுங்க உபதேசியாரே," என்றாள் விதவை மயிலம்மாள். அன்று அரிசி வாங்க வந்திருந்தவள் அவள். காலிப் பை மடியில் இருந்தது.

"குடுக்க அரிசியில்லம்மா," என்றார் தீத்து. "நான் வித்துட்டேன்."

ஒருவரும் ஏசவில்லை. மயிலம்மாள் பையை மெதுவாக மடித்தாள். ஏசியிருந்தால் நின்றிருப்பார். செருப்பைக்கூட மாட்டாமல் வீட்டுக்கு ஓடினார்.

"சொல்லிட்டேன் பழனி. எல்லார் முன்னாலயும் சொல்லிட்டேன். வாயத் தொற."

அவள் உதட்டில் மாத்திரையை வைத்து அழுத்தினார். இப்போது அவளிடம் பிடிவாதம் எதுவும் இல்லை. காய்ச்சலில் பல் கிட்டிப்போயிருந்தது.

"பழனி, வாயத் தொற சாமி," என்று திரும்பத் திரும்பக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்.