காதுக்கருவியைத் தேடிப் போன கம்ப்யூட்டர்

இதில் ஓர் எழுத்துகூடக் கூட்டிச் சொல்லப்படவில்லை. தலையிலடித்துச் சத்தியம். போதாதென்றால் இன்னொரு தடவையும் அடிக்கலாம்.

முடிதிருத்தும் கடை வைத்திருந்த ஒரு மாமனார் அன்று காலை எழுந்து பார்த்தால், காதுக்கருவியைக் காணோம். வேறு நாளென்றால், கடைக்கு வருகிறவர்களின் வாயிலிருந்து தப்பித்தோம் என்று நிம்மதியாக இருந்திருப்பார். அன்றைக்குப் பார்த்து, மகள் முதன்முதலாக வானொலியில் செய்தி வாசிக்கிறாள். அதைக் கேட்காத காது இருந்தென்ன, போயென்ன? தலையணையை உதறினார், செருப்பை உதறினார், பூனையையும் தூக்கி ஒரு உதறு உதறினார்.

மகளின் கணவன், கம்ப்யூட்டர்காரன், காலை உடைத்துக்கொண்டு மாவுக்கட்டோடு நாற்காலியில் கிடந்தான். முந்தின ராத்திரி படுக்கப் போகுமுன் கட்டுக்குள் அரிப்புத் தாங்காமல் துடித்தவனுக்கு மாமனார்தான் குனிந்து, சீப்பின் வாலால் சொறிந்துவிட்டார். இப்போது அரிப்பு போய்க் குத்தல் வந்திருந்தது.

அவன் மடிக்கணினியைத் திறந்தான். லினக்ஸின் கறுப்புத் திரையில் bluetoothctl என்று தட்டி, scan on என்றான். அக்கம்பக்கத்துப் புளூடூத் கருவிகளெல்லாம் பந்திக்குக் கூப்பிட்டது போல வந்து வரிசை கட்டின. பக்கத்து வீட்டு ஹெட்போன், மாடிவீட்டு எடை மெஷின், யாருடையதோ பல் துலக்கும் பிரஷ். நடுவே மாமனாரின் காதுக்கருவி, பக்கத்தில் சிக்னல் அளவு -29.

"இங்கதான் எங்கயோ இருக்கு மாமா!"

மாமனார் அவன் வாயையே பார்த்தார். அவன் எண்ணைத் தொட்டுக் காட்டி, வீட்டைச் சுற்றிக் கையை வீசிக் காட்டினான். எடுத்துக்கொண்டு நடக்கச் சொல்கிறான், புரிந்தது. எண் ஏற ஏறக் கிட்டே என்பது அவராகக் கட்டிய முடிவு. எண்ணுக்கு முன்னால் கிடந்த சின்னக் கோட்டை, திரையில் ஒட்டிய முடியென்று ஊதிவிட்டார்.

அடுக்களையில் 52. "சூடு பிடிக்குது மாப்ளே!" வாசலில் 67.

"மாமா, திரும்பி வாங்க! மைனஸ்! அது மைனஸ்!"

தெருவுக்கே கேட்டது. கேட்க வேண்டியவருக்குத்தான் கேட்கவில்லை.

ரொட்டிக்கடை வாசலில் 80. "என்ன பெரியவரே அளக்கறீங்க?" என்று கேட்டுப் பதில் வராததால், பெரிய அதிகாரிதான் என்று ஊர் பின்னாலேயே நடந்தது. நாற்சந்திப் போலீஸ்காரர் நாலு பக்கமும் வண்டிகளை நிறுத்திச் சல்யூட் வைத்தார். நடுச்சந்தியில் 96! அந்த நேரம் நின்ற பஸ்களிலிருந்த கடிகாரமும் ஹெட்போனும் திரையில் கொட்டிக் குவிந்து, அவருடைய வரியைக் காணவே காணோம்.

தொங்கிய முகத்தோடு திரும்பினார். வாசலில் வரி மறுபடி முளைத்தது. 67, 52 என்று தேய்ந்துகொண்டே வந்தது.

"போச்சு மாப்ளே. தொண்ணூத்தாறு வரைக்கும் கொண்டுபோனேன், கை நழுவிருச்சு." மடிக்கணினியை மாவுக்கட்டின்மேல் வைத்தார். எண் 20-க்கு இறங்கியது.

மாப்பிள்ளை எண்ணைப் பார்த்தான். காலைப் பார்த்தான். சீப்பைக் காட்டினான்.

சீப்பின் வால் கட்டுக்குள் போய், காதுக்கருவியோடு வெளியே வந்தது. குனிந்து சொறிந்தபோது விழுந்ததுதான். மாமனார் துடைத்துக் காதில் செருகினார்.

"எண் குறைஞ்சாத்தான் கிட்ட மாமா. பூஜ்யத்தைப் பார்த்து வரணும்."

"அட, ஜீரோ கட்டிங் கணக்கு! எண் குறையக் குறைய மண்டைக்குக் கிட்ட. இதை முதல்லயே சொல்றதுக்கு என்ன?"

"சொன்னேனே! ஊருக்கே கேட்டுச்சே!"

"உஷ்!"

வானொலியில் மகளின் குரல் கணீரென்று எழுந்தது. "கணினியுடன் நாற்சந்தியில் நின்ற முதியவர் ஒருவரால் நகரில் போக்குவரத்து முடங்கியது. அவர் யாரென்று தெரியவில்லை."

மாமனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். "என்ன தெளிவு, பார்த்தீங்களா! ஒரு எழுத்து பிசகலையே. ஆனா அந்த ஆளு யாரோ, கொஞ்சம்கூடப் பொறுப்பில்லாதவன்."

பாக்கியிருந்த இன்னொரு சத்தியத்தையும் அடித்துவிடுகிறேன்: மாமனாருக்குப் பாம்புச் செவி. ஆயுளில் ஒருநாளும் அவர் காதுக்கருவி வைத்ததில்லை.