நானூறு காலிப் பெட்டிகள்

டீசல் விலை மறுபடியும் ஏறிய அன்று காலை, கேரட் கழுவும் கொட்டகையில் நின்றபடியே அண்ணன் தீர்ப்பு சொல்லிவிட்டான். மூன்று லாரியையும் விற்றுவிடலாமாம்.

"டயர் ஏறிடுச்சு, இன்சூரன்ஸ் ஏறிடுச்சு, டீசலைச் சொல்லவே வேணாம். ஒரு கான்ட்ராக்டர் மத்தியானம் வந்து வண்டியைப் பாக்கறார். இனிமே சரக்கை அவரே ஏத்திட்டுப் போயிடுவார். நமக்குத் தலைவலி விட்டுது."

நிலத்தைப் பார்ப்பது அண்ணன், லாரிகளைப் பார்ப்பது தங்கை. கொட்டகைப் பெண்கள் கிண்டலாக வைத்த 'லாரிக்காரி' என்ற பெயரைப் பட்டம் வாங்கியதுபோல் பெருமையாகச் சுமப்பவள். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சொந்த வண்டி போய்விட்டால் அடுத்த வருடம் அந்த ஆள் என்ன வாடகை கேட்டாலும் மண்டையை ஆட்ட வேண்டியதுதான். பிடுங்கிப் போட்ட கேரட்டை வைத்துக்கொண்டு யாராவது பேரம் பேச முடியுமா?

"மத்தியானம் வரைக்கும் டைம் இருக்குல்ல? இன்னிக்கு லோடோட நானே போறேன். டீசல் எங்கே ஒழுகுதுன்னு பாத்துட்டு வர்றேன்."

"டேங்க்ல ஓட்டை எதுவும் இல்லம்மா" என்றான் அண்ணன். அவள் அதற்குள் வண்டியில் ஏறியிருந்தாள்.

டிரைவருக்கு 'நாற்பது' என்று பெயர். ஸ்பீடாமீட்டர் முள் நாற்பதைத் தாண்டினால் அவருக்கு மூச்சு முட்டும். பின்னால் வருகிறவர்கள் அவருடைய ஏழு தலைமுறையையும் இழுத்துத் திட்டுவார்கள், அவர் காதில் போட்டுக்கொள்ள மாட்டார். மூன்று லாரிகளில் குறைவாக டீசல் குடிப்பது அவருடையதுதான். ஆக, கோளாறு ஓட்டுவதில் இல்லை.

நகரத்துக் கடைகளுக்குக் காய்கறி அனுப்பும் பெரிய கிடங்கில் இருபதே நிமிடத்தில் கேரட் இறங்கிவிட்டது. கிளம்பப் போகிறார் என்று அவள் நினைத்தால், நாற்பது ஸ்டியரிங் மேல் தலையைச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொண்டார்.

"என்ன, கிளம்பலையா?"

"இவங்க காலிப் பெட்டியை ஏத்தணும்க்கா. நானூறு பெட்டி. ஒன்றரை மணி நேரமாவது ஆகும். அப்புறம் பெட்டி கழுவற இடத்துல கொண்டுபோய் இறக்கணும். அது நம்ம ரோட்டுல இல்ல, சுத்திப் போகணும்."

"அதுக்கு என்ன தர்றாங்க?"

"என்னத்தைத் தருவாங்க? போற வண்டிதானேன்னு முதல் வருஷம் நீங்கதானேக்கா சொன்னீங்க."

முகத்தில் அறைந்ததுபோல் இருந்தது. சொன்னது உண்மைதான். புது வாடிக்கையாயிற்றே, நல்ல பெயர் வாங்கலாம் என்று, யாரும் கேட்காத உதவியை வலியப் போய்ச் செய்தவள் அவள்தான். அவளைப் பார்த்து மற்ற லாரிக்காரர்களும் செய்தார்கள். ஏழு வருடத்தில் அது சட்டமாகவே ஆகிவிட்டது. இதில் கொடுமை என்னவென்றால், தினமும் தீவன ஆலை வாசல் வழியாகத்தான் அவர்களுடைய லாரி வருகிறது. ஆனால் திரும்பும்போது ஊரான் பெட்டி ஏறி உட்கார்ந்துகொள்வதால், அண்ணனின் மாடுகளுக்குத் தீவனம் வாடகை வண்டியில் வந்துகொண்டிருந்தது. தன்மேலேயே அவளுக்கு அப்படி ஒரு கோபம் வந்தது.

நேராகக் கிடங்கு மேனேஜரின் கண்ணாடி அறைக்குப் போனாள்.

"சார், இன்னிக்கு நாங்க பெட்டி ஏத்த மாட்டோம்."

அவர் தலையைக்கூடத் தூக்கவில்லை. "பெட்டி ஏத்தாத வண்டிக்கு வெளியே போக கேட் பாஸ் கிடையாது."

"பாஸ் இல்லாட்டி எங்க வண்டி நகராது. அது நகராட்டி பின்னால நிக்கறவங்க சரக்கு இறங்காது."

"மிரட்டறீங்களா? உங்க கேரட் இல்லேன்னா எங்க கடையெல்லாம் மூடிடுமா? நாளைக்கே வேற ஆளு தருவான்."

இந்த வாடிக்கை போனால் லாரிக்கும் வேலையில்லை, அவளுக்கும் வேலையில்லை. ஆனாலும் வாய் அடங்கவில்லை.

"தரட்டும் சார். அவனும் உங்க பெட்டியைச் சும்மா தூக்குவானான்னு முதல்ல கேட்டுக்கோங்க."

திரும்பி வந்து நாற்பதிடம் சாவியை வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டு, லாரிப் படியில் உட்கார்ந்து ரொட்டிப் பொட்டலத்தைப் பிரித்தாள். பின்னால் ஹாரன் காதைக் கிழித்தது. முட்டைக்கோஸ் லாரி டிரைவர் திட்டிக்கொண்டே இறங்கி வந்தார். அவள் விஷயத்தைச் சொன்னாள். அவர் பிடரியைச் சொறிந்தார்.

"எங்க முதலாளி இந்தப் பெட்டி ஏத்தறதுக்குன்னே ஒரு ஆளுக்குச் சம்பளம் குடுக்கறார்" என்றார். போய்த் தன் எஞ்சினையும் அணைத்தார். அடுத்து வெங்காய லாரி, அதற்கடுத்து உருளைக்கிழங்கு. கொஞ்ச நேரத்தில் அவளுக்குப் பின்னால் ஆறு வண்டிகள் எஞ்சினை அணைத்துவிட்டு நின்றன. ஆறு டிரைவர்களும் சேர்ந்து கண்ணாடி அறை வாசலுக்குப் போய், தங்களுக்கும் பெட்டி வேண்டாம் என்றார்கள்.

அண்ணன் போனில் கூப்பிட்டான். "என்னம்மா பண்றே அங்கே? லிஸ்ட்ல இருந்து நம்ம பேரை அடிச்சிடுவேன்னு மேனேஜர் கத்தறான். இங்கே கான்ட்ராக்டர் வேற வந்து உக்காந்திருக்கார்."

"அடிக்கட்டும். நம்மளோட இன்னும் ஆறு பேர் பேரையும் அடிக்கணும், அடிச்சுட்டு எதை விப்பான்னு பாக்கறேன். அண்ணே, இனிமே நம்ம வண்டி யார் பெட்டியையும் சும்மா தூக்காது. திரும்பி வர்றப்போ நம்ம தீவனம்தான் வரும், பக்கத்துப் பண்ணைக்காரங்க தீவனமும் கூலிக்கு வரும். ஏழு வருஷமா தப்பு என்னோடது, ஒத்துக்கறேன். அதுக்காக லாரியை விக்க விடமாட்டேன்."

எதிரே மேனேஜர் வந்து நின்று, முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, கையெழுத்துப் போட்ட கேட் பாஸை நீட்டினார். அவள் அதை வாங்கி மடித்துக்கொண்டாள்.

"எத்தனை மூட்டை கொண்டு வருவே?" என்று கடைசியில் கேட்டான் அண்ணன்.

"வண்டி கொள்ற வரைக்கும்."

"அப்போ இறக்க நாலு ஆளை நிறுத்தறேன். லைன்லயே இரு, இந்தக் கான்ட்ராக்டரை வாசல் வரைக்கும் விட்டுட்டு வந்துடறேன்."