குறைந்துபோன பயணங்கள்

ஆஸ்டினும் அவன் மனைவி ஜாஸ்லினும் ஒரே கம்ப்யூட்டர் கம்பெனியில்தான் வேலை பார்த்தார்கள். ஆனால் அவளுக்குப் புனேயில் வேலை, பரிசோதனைக் கூடத்தை விட்டு நகர முடியாத வேலை. அவன் திருச்சி மேலப்புதூரில் வீட்டிலிருந்தே பார்த்தான். அப்பா பாக்கியநாதனுக்கு ஒரு பக்கம் விழுந்துபோனதிலிருந்து அவனால் ஊரைவிட்டு அசைய முடியவில்லை.

இருந்தும் மாதம் ஒரு தடவை அவள் வந்துவிடுவாள். சென்னை ஆபீஸில் மீட்டிங் இருக்கும். கம்பெனியே விமானத்தில் அழைத்துவரும். வெள்ளிக்கிழமை மீட்டிங் முடிந்ததும் ராக்ஃபோர்ட் ரயிலைப் பிடித்து, விடியும்போது திருச்சி ஜங்ஷனில் இறங்குவாள். அன்று சாயங்காலம் இருவரும் ஸ்கூட்டரில் ஸ்ரீரங்கம் வரைக்கும் போய்வருவார்கள். காவிரிப் பாலத்தில் நிறுத்தச் சொல்லி, தண்ணீர் இருந்தால் தண்ணீரை, இல்லாவிட்டால் மணலைப் பார்த்துக்கொண்டு நிற்பாள். அவன் சட்டைக் கையைப் பிடித்திருப்பாள்.

பிறகு கம்பெனி ஒரு முடிவெடுத்தது. பூமி சூடாவதில் தன் பங்கைக் குறைத்துக்கொள்ள, ஊழியர்களின் விமானப் பயணங்களைக் குறைப்பது என்று. மீட்டிங் எல்லாம் திரையில் நடந்தது. மாதா மாதம் சொந்தக் காசில் விமானம் கட்டுப்படியாகாது, ரயிலில் வந்துபோக அவளுக்கு லீவு கிடைக்காது. ஜாஸ்லின் வருவது நின்றுபோனது.

கம்பெனியின் சமூகப் பொறுப்பு அறிக்கையில் சுற்றுச்சூழல் பக்கங்களை எழுதுவது ஆஸ்டினின் வேலை. அந்த வருஷம் பயணங்கள் பாதியாகக் குறைந்திருந்தன. கணக்கைத் திரும்பத் திரும்பச் சரிபார்த்தான். சரியாகத்தான் இருந்தது. அந்தக் கோடையில் திருச்சி கொதித்த கொதிப்பில், கம்பெனி செய்தது தப்பு என்று சொல்லவும் அவனுக்கு மனம் வரவில்லை.

அறிக்கைக்குப் பொறுப்பான அனுசுயா மேடம் சென்னையிலிருந்து பேசினார். பயணம் குறைந்ததால் குடும்பத்தோடு இருக்க நேரம் கிடைத்தது என்று ஊழியர் ஒருவர் நாலு வரி எழுதினால் நன்றாயிருக்கும், புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் நம் கம்பெனியிலேயே இருக்கிறீர்களே, நீங்களே எழுதுங்கள் என்றார். ஜாஸ்லின் புனேயில் இருப்பது அவருக்குத் தெரியாது.

அப்பாவுக்குக் கஞ்சி கொடுத்துவிட்டு ஆஸ்டின் உட்கார்ந்து எழுதினான். ‘முன்பெல்லாம் மாதா மாதம் என் மனைவி வருவாள். இப்போது விமானங்கள் குறைந்திருக்கின்றன. அது நல்ல காரியம்தான். அவள் கையைப் பிடித்து ஐந்து மாதம் ஆகிறது.’ அழித்துவிடலாமா என்று யோசித்தான். அப்படியே அனுப்பிவிட்டான்.

மேடம் உடனே கூப்பிட்டார்.

“இதைப் போட முடியாது ஆஸ்டின்.”

“தெரியும் மேடம்.”

ஜாஸ்லினைச் சென்னைக்கு மாற்ற முடியுமா என்று மேலிடத்தில் கேட்டுப்பார்க்கிறேன் என்றார். கேட்கவும் செய்தார். பரிசோதனைக் கூடம் புனேயில்தானே இருக்கிறது என்று பதில் வந்தது. அறிக்கையில் வேறு யாரோ எழுதிய நாலு வரி வந்தது.

அறிக்கை வெளியான அன்று மத்தியானம் ஜாஸ்லின் வீடியோவில் கூப்பிட்டாள்.

“மேடம் என்கிட்ட பேசினாங்க. நீங்க எழுதினதைப் படிச்சும் காட்டினாங்க.”

“கோபமா?”

“இல்லைங்க. தினம் பேசுறோமே, என்கிட்ட ஒரு நாளாவது இதைச் சொன்னீங்களா? நான் மட்டும்தான் இப்படிக் கிடக்கிறேன்னு நினைச்சிட்டிருந்தேன்.”

சொன்னால் அவள் வேலையை விட்டுவிட்டு வந்துவிடுவாளோ என்று பயந்ததை அவன் சொன்னான். தெருவில் பஸ் ஒன்று ஹாரன் அடித்துக்கொண்டு போனது.

“சித்தப்பாகிட்ட பேசிட்டேன்,” என்றான். “அப்பாவை ஒரு வாரம் பார்த்துக்கிறேன்னார். அடுத்த மாசம் நான் ரயில்ல வரேன்.”

“ஒரு நாள் முழுக்க ஆகுமே.”

“ஆகட்டுமே.”

உள்ளேயிருந்து பாக்கியநாதன் குழறலாக, போயிட்டு வரட்டும்மா என்று குரல் கொடுத்தார். அது அவளுக்கும் கேட்டிருக்க வேண்டும். கேமராவிலிருந்து முகத்தைத் திருப்பிக்கொண்டாள். அவள் பின்னல் மட்டும் தெரிந்தது. அவள் மறுபடி திரும்பும் வரைக்கும் ஆஸ்டின் அதையே பார்த்துக்கொண்டிருந்தான்.