கேன்சல் செய்தும் போகாத நோயாளி

பட்டியலில் ஆறு பேர். அதில் மூன்று பேர் இன்றைக்கு வர முடியாது என்று சொல்லிவிட்டார்கள். அந்த மூவரையும் நீக்கு என்று கணினி நிரலுக்குச் சொன்னால், அது இரண்டு பேரை மட்டும் நீக்கிவிட்டு, வேலை முடிந்தது என்று சாதுவாக நின்றது. பிழைச் செய்தி எதுவும் இல்லை. மூன்றாவது பெயருக்குரியவர் மட்டும், பல் மருத்துவரிடம் வரப்போவதில்லை என்று சொன்ன பிறகும், பட்டியலில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தார். அவர் பெயரைத் தூக்கி முதலில் போட்டால் ஒழுங்காகப் போய்விடுகிறார். பழைய இடத்தில் வைத்தால் நகர மாட்டேன் என்கிறார்.

“பேய் பிடிச்சிருக்கு,” என்றான் வேகம்.

“கம்ப்யூட்டருக்கா, உனக்கா?” என்றாள் சந்தேகம்.

இரண்டும் ஆய்வகத்தில் வைத்த பெயர்கள். அவன் யோசிப்பதற்கு முன் தட்டச்சு செய்பவன். அவள் தட்டச்சு செய்வதற்கு முன் நான்கு கேள்வி கேட்பவள். மூன்றாமவர் ரிசப்ஷன் அக்கா. காலையில் பல் மருத்துவமனையின் வரவேற்பு மேசையில் வேலை, மதியம் கல்லூரி. இந்தப் பட்டியலே அவர் மேசையிலிருந்து வந்ததுதான்.

முதலாண்டுக் கணினி வகுப்பில் முந்நூறு பேர். பெரிய அரங்கில் பாடம் நடக்கும். புரிந்தவர்கள் தலையாட்டுவார்கள், புரியாதவர்கள் அதைவிட வேகமாகத் தலையாட்டுவார்கள். இந்த இரண்டாவது வகையினருக்காகத்தான் வாரம் ஒருமுறை இந்தக் கூட்டு ஆய்வகம். மூவருக்கு ஒரு கணினி. யாருக்குக் குறைவாகத் தெரியுமோ அவர் கையில்தான் கீபோர்டு. தெரிந்தவர் வாயால் சொல்லிப் புரியவைக்க வேண்டும், கையை நீட்டக் கூடாது. அப்படிச் செய்தால் தெரிந்தவருக்கே எவ்வளவு தெரியும் என்பது வெளிச்சமாகிவிடும்.

குழுவுக்கு ஒரு வழிகாட்டியும் உண்டு. அவர் கேள்வி கேட்கலாம், விடை சொல்லக் கூடாது.

இந்தக் குழுவின் வழிகாட்டி இரண்டாமாண்டு மாணவி. போன வருடம் இதே அறையில் தலையாட்டிக்கொண்டிருந்தவள். இந்த வேலைக்கு இரண்டு முறை விண்ணப்பித்து, மூன்றாவது முறைதான் கிடைத்தது. அதுவும் ஒரு மாதம் பார்த்துவிட்டுச் சொல்கிறோம் என்றார்கள். இன்றோடு மாதம் முடிகிறது. ஆய்வகப் பொறுப்பாளர் பின்வரிசையில் நோட்டோடு உட்கார்ந்திருந்தார்.

சிக்கல் என்னவென்றால், விடை அவளுக்கும் தெரியவில்லை.

“நீங்க என்ன நினைக்கிறீங்க?” என்று அவள் கேட்டாள். ஐந்தாவது முறை.

“வழிகாட்டி அக்காவுக்குத் தெரியும். முகத்தைப் பாரு, சிரிப்பை அடக்கிட்டு நிக்கிறாங்க,” என்றான் வேகம்.

அவள் அடக்கிக்கொண்டிருந்தது சிரிப்பையல்ல. ஆனாலும் அந்தப் பேச்சு அவளுக்குக் குளிர்ச்சியாக இருந்தது. விடை சொல்லக் கூடாது என்ற விதிக்குப் பின்னால் இன்னும் இருபது நிமிடம் ஒளிந்துகொள்ளலாம். மணி அடித்ததும், “வீட்டுக்குப் போய் யோசிங்க” என்று சொல்லிவிடலாம். பொறுப்பாளருக்கும் தெரியப்போவதில்லை.

“ஒரு சின்ன க்ளூ மட்டும் குடும்மா,” என்றார் ரிசப்ஷன் அக்கா. “ஒரு மணி நேரமா முட்டிக்கிட்டு இருக்கேன். இதுகூடத் தெரியலையேன்னு எனக்கே வெக்கமா இருக்கு. இந்த வயசுல இதெல்லாம் வேணுமான்னு தோணுது.”

வழிகாட்டி பின்வரிசையைப் பார்க்காமல் சொன்னாள். “அக்கா, க்ளூ கொடுக்க எனக்கும் தெரியலை. நிஜமாவே தெரியலை.”

பின்னால் பேனா மூடியைக் கழற்றும் ஓசை அவளுக்கு இடிபோல விழுந்தது.

“அட, இதை முதல்லயே சொல்லியிருக்கலாம்ல,” என்றார் ரிசப்ஷன் அக்கா. முகம் பளிச்சென்று ஆகிவிட்டது. “உனக்கே தெரியலைன்னா இது கஷ்டமான விஷயம்தான். சரி, நம்ம ஆஸ்பத்திரியில நடக்கிற மாதிரியே செஞ்சு பார்த்துடுவோம். நாற்காலியை இழுங்க.”

நான்கு நாற்காலிகள் வரிசையாக வந்தன. முதலாவதில் ரிசப்ஷன் அக்கா. இரண்டாவதில் வேகம், மூன்றாவதில் வழிகாட்டி. வேகமும் வழிகாட்டியும் கேன்சல் செய்தவர்கள். சந்தேகம்தான் நிரல்.

“நாலாவதுக்கு ஆள் வேணுமே,” என்று சந்தேகம் பின்னால் திரும்பினாள். “சார், உங்களுக்குப் பல்லு வலிக்குதா?”

“இப்ப வரைக்கும் இல்லை,” என்று சொல்லிப் பொறுப்பாளர் வந்து உட்கார்ந்தார்.

“புரோகிராமுக்கு ஆள் முகம் தெரியாது, நாற்காலி நம்பர்தான் தெரியும்,” என்றாள் சந்தேகம். “ஒண்ணு. நீங்க கேன்சலா? இல்லை, இருங்க. ரெண்டு. கேன்சல், கிளம்பு.”

வேகம் எழுந்து போனான்.

“நகருங்க, நகருங்க,” என்றார் ரிசப்ஷன் அக்கா, வேலைப் பழக்கத்தில். “எங்க வரிசையில நடுவுல காலி நாற்காலியே இருக்கக் கூடாது.”

பட்டியலும் அப்படித்தான். ஒருவரை நீக்கினால் பின்னால் இருப்பவர்கள் ஒவ்வோர் இடம் முன்னேறுவார்கள். வழிகாட்டி இரண்டாவது நாற்காலிக்கு நகர்ந்தாள், பொறுப்பாளர் மூன்றாவதுக்கு.

“மூணு,” என்று சந்தேகம் பொறுப்பாளர் முன் போய் நின்றாள். “கேன்சலா? இல்லை. நாலு, காலி. வேலை முடிஞ்சுது.”

வழிகாட்டி உட்கார்ந்தபடியே இருந்தாள். “என்னை யாருமே கேட்கலையே,” என்றாள் மெதுவாக. பிறகு அவளுக்கே தூக்கிவாரிப் போட்டது. “நீ ரெண்டாவதைப் பார்த்து முடிச்ச பிறகு நான் ரெண்டாவதுக்கு வந்துட்டேன். நீ மூணுக்குப் போயிட்டே. நான்தான் அந்தப் போகாத நோயாளி.”

“அப்ப பக்கத்துப் பக்கத்துல ரெண்டு பேர் கேன்சல் பண்ணா, ரெண்டாவது ஆள் தப்பிச்சுடுவாரு,” என்றார் ரிசப்ஷன் அக்கா. “முதல்ல தூக்கிப் போட்டப்ப அவருக்கு முன்னால கேன்சல் ஆள் யாரும் இல்லை, அதான் சரியா வந்துச்சு.”

“நகர்றதுதான் பிரச்சனைன்னா, நகர்றவங்களை முதல்லயே பார்த்துட்டா?” என்றாள் சந்தேகம். கேள்வியைக் கேட்டுவிட்டு அவளே வாயைப் பொத்திக்கொண்டாள்.

வேகத்தை மறுபடி உட்காரவைத்து, எல்லோரும் பழைய இடத்துக்கு வந்தார்கள். இம்முறை சந்தேகம் நான்கிலிருந்து தொடங்கினாள். பொறுப்பாளர் இருந்தார். மூன்றில் வழிகாட்டி கிளம்பினாள். பொறுப்பாளர் அந்த இடத்துக்கு நகர்ந்தார்; அவரைத்தான் ஏற்கனவே பார்த்தாயிற்றே. இரண்டில் வேகம் கிளம்பினான். ஒன்றில் ரிசப்ஷன் அக்கா இருந்தார். யாரும் தப்பவில்லை.

ரிசப்ஷன் அக்கா கீபோர்டு முன் உட்கார்ந்து ஒரே ஒரு வரியை மாற்றினார். ஆறு பேர் பட்டியலில் மூவர் போனார்கள், மூவர் மிஞ்சினார்கள்.

பொறுப்பாளர் நோட்டை எடுத்துக்கொண்டு வழிகாட்டியின் பக்கம் வந்தார்.

“அடுத்த வாரமும் நீங்களே இந்தக் குழுவைப் பார்த்துக்குங்க,” என்றார். “ஆனா தெரியலைன்னா முதல் அஞ்சு நிமிஷத்துல சொல்லிடுங்க. ஒரு மணி நேரம் அந்த முகத்தை வெச்சுக்கிட்டு நிக்கிறது உங்களுக்கும் கஷ்டம், பார்க்கிற எனக்கும் கஷ்டம்.”

ஒவ்வொரு குழுவும் கிளம்புமுன் தான் கண்டதைப் பலகையில் எழுதிவிட்டுப் போக வேண்டும். ரிசப்ஷன் அக்கா பேனாவை வாங்கி, மருத்துவமனை அறிவிப்பு எழுதும் கையெழுத்தில் எழுதினார்: பட்டியலிலிருந்து ஆட்களை நீக்கும்போது கடைசி ஆளில் தொடங்கி முதல் ஆளை நோக்கி வர வேண்டும். அப்போது இடம் நகர்பவர்கள் எல்லோரும் ஏற்கனவே பார்த்து முடித்தவர்களாக இருப்பார்கள். யாரும் விடுபட மாட்டார்கள்.