மூக்கு குறித்த புகார்

குடிநீர் அலுவலகத்தில் புகார் வாங்கும் கவுண்டரில் பதினோரு வருடமாக உட்கார்ந்திருந்தவள் நெட்டை. உயரத்தால் வந்த பட்டம்; பெற்ற தாயே அப்படித்தான் கூப்பிடுவாள். குழாயில் தண்ணீர் வரவில்லை என்று வருகிறவர்கள் ரசீதை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில், "மேடம், இந்தக் கலர் உங்களுக்கு எடுப்பா இல்ல" என்றும் சொல்லிவிட்டுப் போவார்கள். இதற்கு மட்டும் பதிவும் கிடையாது, ரசீதும் கிடையாது. அது அவளை அரித்துக்கொண்டே இருந்தது.

கலைக்கூடத்தில், ஆளே படைப்பாக மக்கள் முன்னால் உட்கார்ந்து நடத்திக்காட்டும் நிகழ்த்துகலைக்கு ஆள் தேடுகிறார்கள் என்று தெரிந்ததும் ஒரு வாரம் லீவு போட்டாள். அவளுடைய நிகழ்ச்சிக்குக் கலைக்கூடத்து வராந்தாவில் மேஜை, பதிவேடு, ரப்பர் ஸ்டாம்பு, டோக்கன். பின்னால் ஒரு பலகை: "என் தோற்றம் குறித்த புகார்கள் இங்கே பெறப்படும். காலை பத்து முதல் மாலை ஐந்து வரை. உணவு இடைவேளை உண்டு."

முதலில் யாரும் கிட்டே வரவில்லை. பதினோரு மணிக்கு ஒரு பஸ் கண்டக்டர் நெருங்கினார்.

"தப்பா நெனைச்சுக்காதீங்க. மூக்கு கொஞ்சம் அகலம்."

"முழுசாவா, நுனியிலயா?"

"நுனியில."

"எவ்வளவு நாளா இருக்கு?"

"நான் இப்பதானே பாக்கறேன்."

எழுதிக்கொண்டு, ஸ்டாம்பு குத்தி, ரசீது கொடுத்தாள். அவர் அதை மடித்துச் சட்டைப்பையில் பத்திரப்படுத்திக்கொண்டார்.

அவ்வளவுதான். மதியத்துக்குள் வரிசை தெருமுனையைத் தொட்டது. கழுத்து நீளம், சிரிப்பு போதாது, சிரித்தால் ஈறு தெரிகிறது. ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் மூன்று பக்க மனுவை நகல்களோடு கொண்டுவந்தார். நாலு மணிக்குத் தலை நிமிர்ந்தால், டோக்கனும் கையுமாக அம்மா.

"வீட்டுல சொல்றது போதாதாம்மா? இங்க வேறயா?"

"வீட்டுல நீ ரசீது தர மாட்டியே. எழுதுடி, கன்னம் ஒட்டிக் கெடக்கு."

அன்று வீட்டுக்குப் போய்க் கண்ணாடியில் சரிபார்த்தாள். மூக்கு அகலம் நுனியில்தான். கண்டக்டர் சரியாகத்தான் சொல்லியிருந்தார். அழுகை வரும் என்று காத்திருந்தாள், பசிதான் வந்தது.

மூன்றாம் நாள் கண்டக்டர் ரசீதோடு வந்து நின்றார்.

"மூக்கு அப்படியே இருக்கு! என்ன நடவடிக்கை எடுத்தீங்க?"

"எங்க புகாரும் அப்படியேதான் கெடக்கு!" என்று வரிசை கூச்சல் போட்டது.

இந்த மாதிரிச் சத்தத்தைப் பதினோரு வருடம் கேட்டவள் அசரவில்லை. "கள ஆய்வு முடியல சார். புகார்தாரர் முன்னாலதான் ஆய்வு நடக்கணும். உக்காருங்க. அஞ்சு நிமிஷம் மூக்க மட்டும் பாருங்க, கண்ண எடுக்கக் கூடாது."

கண்டக்டர் நீதிபதி மாதிரி உட்கார்ந்தார். முதல் நிமிடம் முறைத்தார். இரண்டாவது நிமிடம் வியர்த்தது. மூன்றாவதில் தன் மூக்கைத் தடவிப் பார்த்தார். நான்காவதில் குரல் இறங்கிவிட்டது.

"மேடம், எதோட ஒப்பிட்டு அகலம்னு சொன்னேன்னே மறந்துபோச்சு. ரொம்ப நேரம் பாத்தா எல்லா மூக்குமே விநோதமாத்தான் இருக்கு. வாபஸ் வாங்கிக்கலாமா?"

"அதுக்குத் தனிப் படிவம் இருக்கு சார்."

மறுநாள் புகாருக்கு ஒரு வரிசை, வாபஸுக்கு ஒரு வரிசை. ஆசிரியர் மட்டும் ஐந்து நிமிடமும் இமைக்காமல் பார்த்துவிட்டு, "இன்னும் நாலு சேக்கணும்" என்று பேனாவை எடுத்தார்.

கடைசி நாள் உணவு இடைவேளை முடிந்து வந்தால், நாற்காலியில் அம்மா உட்கார்ந்து டோக்கன் கொடுத்துக்கொண்டிருந்தாள். நெட்டைக்கு என்ன தோன்றியதோ, போய் வரிசையில் நின்றாள். முறை வந்தது.

"என்ன புகார்?" என்றாள் அம்மா, அடையாளமே தெரியாதவள் போல.

"மூக்கு. கழுத்து. அப்புறம் ஈறு."

"இதெல்லாம் அடுத்தவங்க குடுத்தது. ஏற்கெனவே பதிவாயிருக்கு. உன்னோடத சொல்லு."

நெட்டை யோசித்தாள். பின்னால் யாரோ பொறுமையில்லாமல் கனைத்தார்கள்.

"முதுகு வலிக்குதும்மா. வாரம் முழுக்க அந்த நாற்காலியில உக்காந்து."

"அது தோற்றத்துல வராதுடி."

"வேற ஒண்ணும் ஞாபகம் வரல."

அம்மா முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினாள். ரசீதைக் கிழித்து நீட்டினாள்.

"சரி, நகரு. பின்னால ஆள் நிக்கறாங்க."